ஆம்பளைங்க சுட்ட இறால்

கொழுந்தனார் குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது, சாக்லேட்டுக்கும் தலைவலித் தைலத்துக்கும் முன்னால் வெளியே வந்தது ஓர் அடுப்பு. கால்கள் மடங்கும் இரும்பு அடுப்பு. மேலே கம்பி வலை, கூடவே முழ நீளத்தில் இரண்டு டஜன் கம்பிகள். ஒரு முனை கூர், மறுமுனையில் மரப்பிடி. அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, புது வண்டி வாங்கியவர் போல ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

“அண்ணி, வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க, இவ, அம்மா, யாரும் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது. முழுக்க ஆம்பளைங்க சமையல். நாங்க சுடுறோம், நீங்க உக்காந்து சாப்பிடுங்க.”

எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆரம்பத்திலிருந்தே குறை கண்டுபிடிக்கக் காத்திருந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மே மாத விடுமுறை என்பது எங்கள் வீட்டில் எனக்குக் கிடைக்கிற விடுமுறை அல்ல. என்னால் மற்றவர்களுக்குக் கிடைக்கிற விடுமுறை. “அதான் நீ வீட்டுலதானே இருக்கே” என்ற ஒரு வாக்கியத்தில் அந்த மாதம் முழுவதும் கரைந்துபோகும். அப்படிப்பட்ட மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். என் கணவருக்குப் புதுக்கோட்டையில் உரக்கடை. அவருடைய தம்பிதான் இந்தக் கொழுந்தனார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் வந்து போகிறவர். அவர் மனைவி, என் ஓரகத்தி, வடகாட்டுப் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் புருஷனோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் நான்கு மாதம் கூடத் தேறாது. அப்புறம் மாமியார். முழங்கால் வலியோடு நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பவர்.

சனிக்கிழமை ராத்திரி கொழுந்தனார் கைப்பேசியில் ஏழெட்டு வீடியோ பார்த்தார். ஞாயிறு விடியும் முன்பே அண்ணனும் தம்பியும் காரை எடுத்துக்கொண்டு ஜெகதாப்பட்டினத்துக்குக் கிளம்பினார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவருவதைக் கரையில் நின்று பிடிக்க வேண்டும். ஒன்பதரை மணிக்குத் திரும்பி வந்தார்கள். இரண்டு ஐஸ் பெட்டி நிறைய இறாலும் கணவாயும். அதைக் கொல்லையில் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு என் கணவர் சொன்னார்: “அப்பாடா, நம்ம வேலை முடிஞ்சுச்சு. இதைக் கழுவி மட்டும் குடுத்துருங்க.”

கழுவி மட்டும்.

கடல் மீன் கழுவுவது என்னவென்று எனக்குத் தெரியும். நான் பிறந்தது மணமேல்குடிப் பக்கம். இறால் என்றால் தலையைக் கிள்ள வேண்டும். ஓட்டை உரிக்க வேண்டும். முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை முழுசாக இழுத்து எடுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் மறுபடி தேட வேண்டும். தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாளைக்குச் சாதம் பிசைய முடியாது. கணவாய்க்கு மைப்பை உடையாமல் உருவ வேண்டும், உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் ஓட்டை எடுக்க வேண்டும், தோலைச் சுரண்ட வேண்டும். பதினைந்து பேருக்கு வாங்கி வந்திருந்தார்கள். பொன்னமராவதியிலிருந்து நாத்தனார் குடும்பமும் அவர்கள் பக்கத்து உறவும் வருவதாக ஏற்பாடு. ஏற்பாடு யாருடையது என்று கேட்காதீர்கள்.

ஓரகத்தியும் நானும் கொல்லை முருங்கை நிழலில் உட்கார்ந்தோம். பத்து மணி வெயில். காக்கைகள் கிணற்று மேட்டில் வரிசையாக வந்துவிட்டன. அவள் கைக்குக் கணவாய் புதுசு. முதல் மைப்பையே உடைந்து முழங்கை வரை கறுப்பாகிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா, இன்னைக்கு நம்ம அடுப்படிப் பக்கம் போகக்கூடாதாம்ல?”

“போகலையே. கொல்லையிலதானே இருக்கோம்” என்றேன். அப்போது எனக்கும் சிரிப்புதான் வந்தது.

நரம்பு எடுத்து, அலசி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பிரட்டி வைக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. அதற்குள் ‘மட்டும்’கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இஞ்சி பூண்டு மட்டும் அரைச்சிருங்க. வெங்காயம், குடைமிளகாய் மட்டும் சதுரமா வெட்டிருங்க. அன்னாசிப்பழம், மாம்பழம் மட்டும் தோல் சீவிருங்க. வர்றவங்களுக்கு மோர் மட்டும் கரைச்சிருங்க. சோறு மட்டும் வடிச்சிருங்க, சிலபேர் சோறு கேப்பாங்க. ஆம்பளைகள் இரண்டு பேரும் முற்றத்து வேப்பமரத்தடியில் அடுப்பை எந்தத் திசையில் வைத்தால் புகை வீட்டுக்குள் வராது என்று ஒரு மணி நேரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மாமியார் இரண்டு தடவை அவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார்.

“பாவம், விடியக்காலம் எந்திரிச்சதுக” என்றார் என்னிடம். நான் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கு முன்னால் எழுந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மசாலா நான் என் கணக்கில் போட்டேன். மிளகாய்த்தூள், மிளகு, சோம்பு, இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை அரைத்தது, கொஞ்சம் நல்லெண்ணெய். எலுமிச்சையைக் கடைசியில் பிழிவதாக வைத்திருந்தேன். அப்போதுதான் கொழுந்தனார் அடுப்படிக்குள் வந்தார். கையில் கைப்பேசி.

“அண்ணி, இதுல அன்னாசிச் சாறு ஊத்தணும். நல்லா ஒரு டம்ளர். மூணு மணி நேரம் ஊறணும். அங்கிட்டு ஹோட்டல்ல அப்படித்தான் போடுவான். அந்த டேஸ்டே தனி.”

“தம்பி, இறாலுக்கு அது ஆகாது. பச்சை அன்னாசிச் சாறுல ஊறவச்சா சதை கரைஞ்சு போயிரும். கம்பியில நிக்காது. அன்னாசித் துண்டைக் கம்பியில குத்துறப்ப இடையில வச்சுக்கலாம். அது ஒண்ணும் பண்ணாது.”

“அதெல்லாம் கரையாது அண்ணி.”

“அன்னாசியில புரதத்தைக் கரைக்கிற நொதி ஒண்ணு இருக்கு. நான் பாடமே எடுக்குறேன் தம்பி. உங்க ஹோட்டல்ல டப்பாச் சாறு ஊத்தியிருப்பான். அது காய்ச்சின சாறு. காய்ச்சிட்டா அந்த நொதி செத்துப்போயிரும். இது பழத்துலேருந்து பிழிஞ்சது.”

அவர் சிரித்தார். ஒரு குழந்தை தன் மழலையில் கணக்குச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. “ஸ்கூல் பாடத்தையெல்லாம் அடுப்படிக்குக் கொண்டுவராதீங்க அண்ணி. நான் நாலு வருஷமா நேருல பாக்குறேன்.”

அவர் அங்கே பார்க்கிற வேலை ஏசி மெக்கானிக். அந்த ஹோட்டல் சமையலறைக்குள் அவர் போனதே அதன் குளிரூட்டியைக் கழற்ற என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்றிருந்த என் கணவரைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷமாக என் சம்பளத்தையும் என் சமையலையும் அறிந்த மனிதர். “அவன் ஆசைப்படுறான், ஊத்திவிடேன்” என்றார்.

ஊத்திவிட்டேன். ஆனால் இறாலில் மட்டும். கணவாயைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி, மேல்தட்டில் வைத்துவிட்டேன். ஓரகத்தி பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலாவுக்குப் பேர்போன வடகாட்டுப் பக்கம் இருக்கும் அவள் அம்மா வீட்டிலிருந்து முந்தின நாள் ஒரு பலாப்பழம் வந்திருந்தது. “அக்கா, பலாச்சுளையைக் கம்பியில குத்திச் சுட்டா என்னக்கா? மேல கொஞ்சம் நெய்யும் மிளகுத்தூளும் போட்டு?” என்று கேட்டாள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கொழுந்தனார், “பலாச்சுளையை யாராச்சும் சுடுவாங்களா? ஒங்க ஊருல அதையும் விடமாட்டீங்களா?” என்றார். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. நான் சுளைகளைக் கொட்டை எடுத்து ஒரு தட்டில் வைத்தேன்.

ஒன்றரை மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அதன்பின் நடந்ததைப் பார்த்திருந்தால் ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பீர்கள். சீமைக்கருவேலங்கரி கனன்றுகொண்டிருந்தது. கொழுந்தனார் கறுப்புக் கண்ணாடி போட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு முன் நின்றார். என் கணவர் விசிறினார். நாத்தனார் வீட்டுக்காரர் வீடியோ எடுத்தார். “பாருங்க, எங்க மச்சான்மாருங்க சமைக்கிறாங்க! பொம்பளைங்களுக்கு இன்னைக்கு லீவு!” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பினார். நாங்கள் இரண்டு பேரும் அப்போது கம்பியில் கணவாய், வெங்காயம், மாம்பழம், கணவாய், குடைமிளகாய் என்று மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தோம். விரலெல்லாம் மசாலா. நாத்தனார் என் தோளைத் தட்டி, “குடுத்து வச்சவ நீ. எங்க வீட்டு ஐயா ஒரு சொம்பு தண்ணி மோந்து குடிக்க மாட்டாரு” என்றார். நான் கையிலிருந்த கம்பியில் அடுத்த கணவாயைக் குத்தினேன்.

முதலில் கணவாய்க் கம்பிகள் வெந்து வந்தன. விளிம்பு சுருண்டு, மசாலா கருகியும் கருகாமலும், மாம்பழத் துண்டிலிருந்து சாறு கொப்பளிக்க. எல்லோரும் ஆளுக்கொரு கம்பி எடுத்தார்கள். “மச்சான், கை வாசமே வேற!” என்று ஒருவர். “குவைத்துல சும்மா இல்லப்பா, தொழில் கத்துக்கிட்டு வந்திருக்கான்!” என்று இன்னொருவர். கொழுந்தனார் அடக்கமாகத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். என் கணவரும் ஏற்றுக்கொண்டார். விசிறினவர் அல்லவா? பலாச்சுளையை யார் அடுப்பில் வைத்தார்களோ, அது வெந்து பொன் நிறத்தில் வந்ததும் தட்டு ஒரே நிமிஷத்தில் காலி. “இது யாரு ஐடியா?” என்று யாரோ கேட்டார்கள். “சும்மா, ஒரு புதுமையா பண்ணிப் பாத்தோம்” என்றார் கொழுந்தனார்.

ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து அடுத்த கம்பியைக் குத்திக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இறால் பாத்திரத்தைத் திறந்தோம். தொட்டவுடனே தெரிந்துவிட்டது. மேல்பகுதி மாவாகிவிட்டிருந்தது. கம்பியில் குத்தினால் பிளந்துகொண்டு வழிகிறது. எப்படியோ பத்துக் கம்பி தேற்றினோம். அடுப்பில் வைத்ததும் ஒவ்வொன்றாக வலை வழியே நழுவிக் கரியில் விழுந்தது. புகை. கருகின வாடை. தப்பி நின்றதை வாயில் போட்டவர்கள் இலையில் ஒதுக்கினார்கள். அவ்வளவு பேரும் கொழுந்தனாரைப் பார்த்தார்கள்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணி மசாலாவுல ஏதோ கோளாறு பண்ணிட்டாங்க போலருக்கு. நான் சொன்ன அளவுல போடலை.”

எல்லோரும் சிரித்தார்கள். “அதான, நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு, பொம்பளைங்க கை வச்சாங்க, கெட்டுப்போச்சு!” இது நாத்தனார் வீட்டுக்காரர். மறுபடி சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். சும்மா உதட்டால் அல்ல, பல் தெரிய.

என் காது இரண்டும் சுட்டது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள் நான். அந்த முற்றத்தில் வாய் வரவில்லை. விருந்தாளிகள் முன்னால் சண்டை வேண்டாம் என்று எந்த நேரமும் ஒரு கை நம் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறதே, அது யாருடைய கை? பல நாள் யோசித்திருக்கிறேன். என்னுடையதேதான்.

அப்போது ஓரகத்தி எழுந்தாள். கை நிறைய மசாலா. குரல் உயரவில்லை.

“நீங்கதான் அன்னாசிச் சாறு ஊத்தச் சொன்னீங்க. அக்கா வேண்டாம்னு சொன்னாங்க, கரைஞ்சிரும்னு சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்கதான் கேக்கலை.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

“நல்லாருந்துச்சுல்ல கணவாய், அது அக்கா போட்ட மசாலா. உரிச்சது, கழுவுனது, வெட்டுனது, குத்துனது எல்லாம் நாங்க. பலாச்சுளை நான் சொன்னது. நீங்க சிரிச்சீங்க. சுட்டது மட்டும்தான் நீங்க.”

முப்பது நாளில் ஐந்து நாள் முடிந்திருந்தது. மிச்சம் இருபத்தைந்து நாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் வீடியோ காலில்தான் பார்க்கப் போகிற புருஷனிடம், பதினைந்து பேர் முன்னிலையில், எனக்காக அவள் அதைச் சொன்னாள். நான் பத்தொன்பது வருஷம் கூடவே இருக்கிற புருஷனிடம் சொல்ல முடியாததை.

விருந்தாளிகள் சோறும் மோரும் சாப்பிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். மாமியார் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“என்னத்தா இது? வந்தவுக முன்னாடி புருசனை இப்புடியா பேசுறது? அது எத்தனை நாளைக்கு இருக்கப் போவுது?”

“அத்தை, அவ பொய் ஒண்ணும் சொல்லலையே” என்றேன்.

“நெசமா பொய்யாங்கிறது யாருக்கு வேணும்? வாயை மூடிக்கிட்டுருந்தா சாயங்காலம் மறந்துருப்பாக.”

மறந்திருப்பார்கள்தான். அவர்கள் மறந்துபோவதற்காக நாங்கள் எத்தனை சாயங்காலம் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்!

பாத்திரம் முழுவதும் எங்களுக்கே கிடந்தது. கம்பிகளில் மசாலா கருகி ஒட்டியிருந்தது. தேங்காய் நார் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். ஓரகத்தி அழவில்லை. “தப்பாப் பேசிட்டேனாக்கா?” என்று ஒரு தடவை கேட்டாள். “இல்லை” என்றேன். சாயங்காலம் கொழுந்தனாரின் ஸ்டேட்டஸில் படம் வந்தது: கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் துண்டு, கையில் கணவாய்க் கம்பி. அடியில், ‘நம்ம கைவண்ணம்’. நான் அதைத் திறந்து பார்த்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும். அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டார்.

அன்றைக்கு என் கணவரிடம் கேட்டேன், ஏன் சிரித்தீர்கள் என்று. “எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். இதுக்கெல்லாமா கோவப்படுவே?” என்றார். இந்த ‘இதுக்கெல்லாமா’வைப் போல என்னைக் கொதிக்க வைக்கும் சொல் தமிழில் வேறு இல்லை.

கொழுந்தனார் நான்கு நாள் மனைவியிடம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் பேசினார். என்னிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குவைத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, மறுபடியும் கரியில் சுடலாம் என்று சொன்னார். இந்தத் தடவை விருந்தாளி இல்லை, நம் வீட்டுக்கு மட்டும். “அன்னாசி வேண்டாம் அண்ணி, ஒங்க மசாலாவே போடுவோம்” என்று வேறெங்கோ பார்த்தபடி சொன்னார். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். என் கணவர் அப்படித்தான் விளக்கினார்.

ஞாயிறு விடியலில் அவர்கள் கடற்கரைக்குக் கிளம்பிப் போனதும், ஓரகத்தி குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

“அத்தை, அவுங்க நல்லபடியா போய்ச் சேரணும்னு ஆவுடையார்கோவிலுக்கு வேண்டியிருக்கேன். இன்னைக்கு விட்டா நாள் இல்லை. அக்காவைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

மாமியாருக்கு மறுக்க வழியில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும். ஐந்து நிமிஷத்தில் சேலை மாற்றினேன். கிளம்பும்போது, “அத்தை, இன்னைக்கு ஆம்பளைங்க சமையல். அவுங்களே பாத்துக்குவாங்க. நீங்க ஒண்ணும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எதிரே வந்த கார் ஒவ்வொன்றையும், “அவுங்களா இருக்குமோ” என்று பார்த்தோம்.

கோயிலில் நிதானமாகச் சுற்றினோம். சாமிக்குச் சோறு படைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றோம். அந்தக் கோயிலில் சுடச்சுடச் சோற்றைக் கொட்டுவார்கள். எழும்புகிற ஆவிதான் சாமிக்கு. “இந்தச் சாமிக்கு ஆவியே போதும்க்கா. நம்ம வீட்டுச் சாமிகளுக்குத்தான் முள்ளு எடுத்து, நரம்பு எடுத்து, கம்பியிலயும் குத்திக் குடுக்கணும்” என்றாள். ஆறு வருஷமாக அதிகம் பேசாத பெண் இவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பேச நான் இடம் கொடுக்கவில்லையோ என்று அப்போது உறைத்தது.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். முற்றத்தில் கரி கனன்றுகொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வந்துட்டீங்களா? பசி உயிர் போகுது” என்றார் என் கணவர்.

“சுடலையா இன்னும்?”

“இறால் ரெடியாகலை.”

ஏன் ரெடியாகவில்லை என்று கேட்காமல் நேரே கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வெயில் பாதி முதுகில் விழ, முழங்காலை நீட்டிக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் பாத்திரம். கண் சரியாகத் தெரியாமல் இறாலை மூக்கருகே கொண்டுபோய் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். பெருவிரலில் முள் குத்தி ரத்தம் காய்ந்திருந்தது.

“யாரு அத்தை ஒங்ககிட்ட குடுத்தது?”

“யாரு குடுப்பா? கெடந்துச்சு. புள்ளைக பசியோட இருக்குதுக.”

அன்று காலையில் பஸ்ஸில் சிரித்த சிரிப்பெல்லாம் வாயில் கசந்தது. நாங்கள் தப்பிப் போனோம் என்று நினைத்தோம். வேலை தப்பிப் போகவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஒரே பெண்ணின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுபது வயதுக்காரி, முழங்கால் மடங்காதவள். கொழுத்த இரண்டு ஆம்பளைகள் இருபது அடி தூரத்தில் நிழலில் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை. எடுத்துக்கொண்டு போகும்போது தடுக்கவும் இல்லை. அது எப்படி ஒருவருக்குக் கண்ணில் படாமல் போகும்?

ஓரகத்தி மாமியாரைக் கைத்தாங்கலாகத் தூக்கி உள்ளே கூட்டிப்போனாள். நான் அந்தப் பாத்திரத்தை, உரித்தது, உரிக்காதது, ஓடு, தண்ணீர் எல்லாவற்றோடும் தூக்கினேன். முற்றத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் தொப்பென்று வைத்தேன். தண்ணீர் என் கணவரின் வேட்டியில் தெறித்தது. ஒரு பலகையும் இரண்டு கத்தியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

“உரிங்க” என்றேன்.

“என்ன இது?” என்றார் அவர்.

“இறால். தலையைக் கிள்ளணும், ஓட்டை எடுக்கணும், முதுகைக் கீறி நரம்பை எடுக்கணும். ஒங்கம்மா விரலைப் போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து உரிங்க. இதை இன்னைக்கு இந்த வீட்டுல எந்தப் பொம்பளையும் தொடமாட்டா. பசிச்சா நான் மோர்ச்சோறு தின்னுட்டுப் படுத்துக்கிருவேன்.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும் என்று இருந்தது.

கொழுந்தனார்தான் முதலில் எழுந்தார். உள்ளே போனார். அம்மாவின் விரலைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓர் இறாலை எடுத்தார். தலையைக் கிள்ளத் தெரியாமல் பாதி உடம்பையும் சேர்த்துப் பிய்த்தார். என் கணவர் கொஞ்ச நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார்.

நான் உதவிக்குப் போகவில்லை. அதைச் சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவை உட்கார்ந்தேன். அவர்கள் நரம்பை அறுப்பதைப் பார்க்கக் கை பரபரத்தது. “அண்ணி, இந்தக் கறுப்பு முழுசா வரமாட்டேங்குது” என்று கொழுந்தனார் குரல் கொடுத்தார். “இழுத்துக்கிட்டே இருங்க, வரும்” என்று வாசலிலிருந்தே சொன்னேன். “ஒரு கிலோவுக்கே இவ்வளவு நேரமா?” என்றார். அன்றைக்கு எத்தனை கிலோ என்று அவருக்கு நினைவிருக்கும். நான் எடுத்துச் சொல்லவில்லை.

சாப்பிடும்போது மணி ஐந்தரை. இறால் ஒழுங்காக நின்றது. உப்பு கொஞ்சம் தூக்கல், அங்கங்கே ஓட்டின் துணுக்கு பல்லில் பட்டது. ஓரகத்தி சுட்ட பலாச்சுளைதான் அன்றைக்கும் முதலில் தீர்ந்தது. என் கணவர் ஒரு கம்பியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் என்பது தெரிந்தது. அதற்காகவே சிரிக்கவில்லை.

கொழுந்தனார் அந்த வாரமே குவைத்துக்குப் போய்விட்டார். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது மனைவியிடம், அடுத்த தடவை வரும்போது பலாச்சுளையை அவளே சுட வேண்டும் என்று சொன்னாராம். அவள் அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. அவரே சுடட்டுமே, அவரே கொட்டை எடுக்கட்டுமே, பிசினை அவரே தேய்த்துக் கழுவட்டுமே என்றுதான் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. அவள் சந்தோஷம் அவளுக்கு.

மாமியார் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. தெருவில் யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்கிறார். “எம்புள்ளைக ரெண்டையும் இவ நடு முத்தத்துல உக்கார வச்சு இறா உரிக்க விட்டாத்தா. ஊரே பாத்துச்சு” என்று முறையிடுகிறார். கேட்கிற பெண்கள் என் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

போன வாரம் ஒருத்தி மட்டும் போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், உரிச்சாங்களா? நெசமாவேவா?”

“உரிச்சாங்க” என்றேன்.